ஐந்து டிகிரிக்குக் கீழே

மங்கோலியா, தார்கான் நகரின் வடக்கோரம்.
நாற்பது படுக்கை மகப்பேறு மருத்துவமனை,
இப்போதைக்கு மூன்று தளமும்
வானத்தைக் குத்தி நிற்கும் கம்பிகளும்.

கண்டெய்னர் அலுவலகத்தின் தகரச் சுவரில்
மே முதல் அக்டோபர் வரை
நான் வரைந்து ஒட்டிய அட்டவணை.
அறுபத்தொரு வேலை, அறுபத்தொரு பட்டை.
சில பட்டைகளுக்கு இடுப்பில் கொஞ்சம் தளர்வு உண்டு.
பெயிண்ட் பத்து நாள் தூங்கலாம்,
கதவுகள் ஒரு மாதம்கூடத் தூங்கலாம்.
சிவப்புப் பட்டைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.
அவற்றில் ஒரு நாள் போனால்
கட்டடத்துக்கே ஒரு நாள் போச்சு.

ஜூலையில் போனது பதினோரு நாள்.

மருத்துவமனைத் தலைவர் தாஷ்செவெக்
பால்தேநீரை ஊதிக்கொண்டே
மாடிப்படியை வலப்பக்கம் மாற்றச் சொன்னார்.
"சின்ன மாற்றம்தானே."
எழுதித் தாருங்கள் என்றேன்.
"நமக்குள் காகிதமா?"
நமக்குள்தான்.
பகையாளியிடம் காகிதம் எதற்கு,
அவனுக்குத்தான் வக்கீல் இருக்கிறாரே.
ஹாலியுன் கணக்குப் போட்டாள்:
இடிக்க இவ்வளவு, கட்ட இவ்வளவு, நாள் பதினொன்று.
அவர் கையெழுத்து வர இன்னும் நான்கு.
அந்த நான்கை எந்தப் பட்டையில் எழுதுவது
என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் மேஸ்திரி நெர்குய்.
அந்தச் சொல்லுக்குப் 'பெயரில்லை' என்று பொருள்.
முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம்.
இவனைத் தேடிச் சாவு வந்தால்
அப்படி யாருமில்லை என்று திரும்பட்டும் என
வைத்த பெயர்.
கடன் தந்த சியோல் வங்கிக்குப் போன
மொழிபெயர்த்த சம்பளப் பட்டியலிலும்
'பெயரில்லை' என்றே இருக்க,
ஒரு மாதச் சம்பளம் அவனைத் தேடி வந்து
அப்படியே திரும்பிப் போனது.

அக்டோபர் மூன்று, மாலை.
கூரைத்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்தாயிற்று.
கான்கிரீட் பம்ப் மணிக்கணக்கு வாடகையில் உறுமுகிறது.
தெர்மாமீட்டரில் ஏழு.
இரவில் மைனஸ் ஒன்பது என்கிறது வானொலி.
தாஷ்செவெக் போனில்:
"ஊற்றிவிடு. கூரை தெரிந்தால்தான் அடுத்த தவணை."

நெர்குய் லாரியிலிருந்து இறக்கினான்
ஆட்கள் தம் கூடாரங்களிலிருந்து கொண்டுவந்த
கம்பளி விரிப்புகளை. பத்தொன்பது சுருள்.
"போர்த்திவிடலாம் அக்கா."
அளந்தேன். நூற்று நாற்பது சதுர மீட்டர்.
கூரை அறுநூறு.
மீதியை எதால் போர்த்துவது, வாக்குறுதியாலா?

உள்ளே தண்ணீர் உறைந்த கான்கிரீட்
இறுகியதைப் போல நடிக்கும்.
தட்டினால் கல்லென்று ஒலிக்கும்.
ஏப்ரலில்தான் உண்மையைச் சொல்லும்,
அப்போது கீழே படுக்கைகள் இருக்கும்.

பம்பைத் திருப்பி அனுப்பினேன்.
வாடகை, முட்டுப்பலகைகளின் ஆறு மாத வாடகை,
எல்லாம் என் கையெழுத்தில்.
திட்டமிடுவது என்றால் ஓட்டுவது என்று நினைத்திருந்தேன்.
பிரேக்கும் அதே வண்டியில்தான் இருக்கிறது.

இரவு முழுக்க வேலை இருந்தது.
குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்தோம்.
நீட்டி நின்ற கம்பி முனைகளுக்குத்
துருப்பிடிக்காமல் சிமெண்ட் பால் பூசினோம்.
கம்பளி பத்தொன்பதும் மாடிப்படிக்குப் போனது,
ஆமாம், அதே வலப்பக்க மாடிப்படி.
ஐந்து நாள் முன்புதான் வார்த்தோம்,
கட்டடத்திலேயே அதுதான் கைக்குழந்தை.
திட்டிக்கொண்டே போர்த்தினேன்.

அட்டவணையில் ஏப்ரல் கிடையாது.
தள்ளி இன்னொரு தாளை ஒட்டினேன்.
இரண்டுக்கும் நடுவே
வெறும் தகரம் தெரிந்தது.

அக்டோபர் இருபத்தாறு.
படியின் கான்கிரீட்டுக்கு வயது இருபத்தெட்டு நாள்.
ஆய்வகத்தில் கட்டைகளை நசுக்கிப் பார்த்தார்கள்:
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பது.
தேவை இருபத்தைந்து.
ஆனால் அவை மூன்றும்
வெதுவெதுப்பான தொட்டியில் வளர்ந்த செல்லங்கள்.
நான்காவது கட்டை
படியோடு ஒரே கம்பளிக்குள் குளிரில் கிடந்தது.
யாரும் சொல்லாமலே ஒருவன் வைத்தது.
இருபத்தேழு.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
மாதிரி எடுத்தவர் என்ற கட்டத்தில்
பென்சிலால்: பெயரில்லை.